தடுப்பணை முக்கு

அத்தியாயம் 14

தென்னந்தோப்பின் மூலையில் பச்சை வலைத்துணி சுற்றிக் கட்டி மூன்று கழிப்பறைகள் வைத்திருந்தார்கள். ஓட வந்திருந்தவர்கள் இருநூறு பேர். விடியற்காலை ஐந்தரைக்கே மூன்றும் நிரம்பி வழிந்தன. ஹேமாவதி ஒரு துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். மலம், சளி, சீழ் என்று தினமும் எத்தனையோ டப்பாக்களை முகம் சுளிக்காமல் திறக்கிறவள். இன்றைக்கு மட்டும் எதைப் பார்த்தாலும் குமட்டியது.

முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது கணவர் ஈஸ்வரபாண்டி பேசிய பேச்சு இன்னும் செரிக்காமல் கிடந்தது. நாளைக்கு நடக்கப்போகிற மலைப்பாதை ஓட்டத்தில் பெண்களில் நீதான் முதலில் வரப்போகிறாய் என்றார் அவர். சுபைதா அக்கா என்னைவிட ஐந்து நிமிடமாவது வேகம், இது ஊருக்கே தெரியும் என்றாள் ஹேமாவதி. அவர் மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சிரித்தார்.

"ஓடுறது காலு மட்டுமில்ல, ஹேமா. நாலு பேரு பின்னால நிக்கணும். ஒனக்கு நான் நிக்கிறேன்."

அதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்க நினைத்தாள். மகள் மகிமா பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹேமாவதிக்கு நூறு மீட்டர் நடந்தாலே மூச்சு வாங்கும். சர்க்கரை அளவு பார்க்க அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தவள்தான் உத்தமபாளையத்து சுபைதா. இருவருக்கும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே பயம். வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். நடை ஓட்டமானது. மதுரையில் பத்து கிலோமீட்டர், கோயம்புத்தூரில் இருபத்தொன்று, போன மார்கழியில் ஒரு மலைப்பாதை ஓட்டம் என்று மூன்று ஊரில் சேர்ந்து ஓடிவிட்டார்கள். நாற்பத்துநாலு வயதில் சுபைதா ஓடுவதைப் பார்த்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். தலையில் கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, முழங்கை மறைக்கும் தொளதொள சட்டையோடு, தோளை அசைக்காமல் போவாள்.

ஈஸ்வரபாண்டிக்கு ஓட்டம் என்றால் ஆரம்பத்தில் கேலிதான். பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். மனைவியின் படம் முதல்முறை பேப்பரில் வந்தபோது ஆறு பேர் கடை தேடி வந்து பாராட்டினார்கள். அதற்குப் பிறகு கேலி நின்றது. ஓட்டக்குழுவில் சேர்ந்து, ஒரு அடி ஓடாமலே ஒரே வருடத்தில் செயலாளர் ஆகிவிட்டார். இன்றைக்கு இந்த வருசநாட்டு ஓட்டத்தில் பாதை குறிக்கிற பொறுப்பு அவருடையது. ஹேமாவதி போட்டிருந்த பனியனின் முதுகில் அவருடைய கடையின் பெயர் இருந்தது.

புறப்படும் கோட்டின் பக்கத்தில் சுபைதா காத்திருந்தாள். பின்னால் ஒரு வேன் நின்றது. அவளுடைய கணவர் உசேன், அவருடைய அண்ணன், நாத்தனார்கள் என்று ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

சுபைதா ஹேமாவதியின் காதருகே வந்து, "பெரிய மச்சான் மொத தடவையா வந்திருக்காரு. ஒரு வருசமா கெஞ்சி இவரு கூட்டிட்டு வந்திருக்காரு. நான் ஓடுறத ஒருக்கா பாத்துட்டா அப்புறம் வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றாள். அவளுடைய உள்ளங்கை சில்லென்று இருந்தது.

ஹேமாவதி அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள். "நீங்க முன்னால போங்கக்கா. ஒங்க முதுகைப் பாத்துக்கிட்டே நான் வந்துர்றேன்."

ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள்.

மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர். முதல் பத்து கிலோமீட்டர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்பாதை. அடுத்து மூல வைகையின் காய்ந்த மணல். பிறகு இலவமரத் தோட்டங்கள் வழியாக மலையடிவாரம் வரை ஏற்றம். பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு தடுப்பணை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் எட்டு கிலோமீட்டரில் முடிவுக்கோடு. இடது பக்கம் ஓடையை ஒட்டி மேலே ஏறிக் காட்டு வேலியில் போய் முட்டி நிற்கும். அந்த முக்கில் தண்ணீர் கொடுத்து வழி காட்டுகிற வேலை மகிமாவுக்கு. உத்தமபாளையத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். சுபைதாவின் மகள் அப்ரினும் அவளும் ஒரே வகுப்பு.

மணலில் இறங்கும்போது ஹேமாவதி காலடியைப் பார்த்துத்தான் ஓட வேண்டியிருந்தது. முன்னால் போனவர்கள் குடித்துப் போட்ட காகிதக் கப்புகள், உறிஞ்சி எறிந்த சத்துப்பாகு உறைகள், வாழைப்பழத் தோல்கள் எல்லாம் பாதை நெடுகக் கிடந்தன. யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். அதன் மேலேயே நாலைந்து காலணித்தடங்கள். மலையைக் காப்பாற்ற ஓடுகிறோம் என்று எல்லோருடைய பனியனிலும் அச்சடித்திருந்தது. ஒரு ஆள் ஓடிக்கொண்டே மூக்கைச் சிந்திக் கையை வீசினான். அவள் புறங்கையில் வந்து விழுந்தது. இலவமரத்துப் பட்டையில் தேய்த்துத் துடைத்தாள். போகவில்லை போலவே இருந்தது.

சுபைதாவின் கறுப்புத் தலைத்துணி பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை தெரிந்தது. ஏற்றம் தொடங்கியதும் மறைந்துவிட்டது. பதினைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்தவரிடம் கேட்டாள். அந்தம்மா போய் ஆறேழு நிமிடம் இருக்கும் என்றார் அவர். ஹேமாவதிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவதாக வருவது அவளுக்குப் போதும்.

ஓடுகிறவர்கள் அதற்குள் சிதறிப்போயிருந்தார்கள். கால் கிலோமீட்டருக்கு ஒருவர் தெரிந்தாலே அதிகம். தடுப்பணை முக்குக்கு அவள் வந்தபோது முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. வலது பக்கத் தோப்புக்குள் ஒரு மோட்டார் பைக் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. பெட்ரோல் வாடை இன்னும் காற்றில் நின்றது.

தரையில் சுண்ணாம்புப் பொடியால் வலது பக்கம் காட்டும் அம்புக்குறி. இப்போதுதான் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. அதற்கு அடியில் வேறொரு அம்புக்குறியைக் காலால் தேய்த்து அழித்த தடம்.

மகிமா தண்ணீர்க் கேனின் பக்கத்தில் நின்றாள். கப்பை அவசரமாக நீட்டினாள். தண்ணீர் ஹேமாவதியின் காலில் சிந்தியது.

"அம்மா, பொம்பளைகள்ல நீதான் மொதல்ல. நிக்காத, ஓடு" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹேமாவதி ஒரு நொடி நின்றாள். சுபைதாவை அவள் முந்தவில்லை. வழியில் எங்கேயும் சுபைதா உட்கார்ந்திருக்கவும் இல்லை. பிறகு எப்படித் தான் முதல்? கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் கேட்கவில்லை. கால் வலது பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்த எட்டு கிலோமீட்டரும் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுபைதா அக்கா மறைவிடம் தேடி ஒதுங்கியிருப்பாள். கணுக்கால் பிசகி பதினைந்தாவது கிலோமீட்டருக்கே திரும்பியிருப்பாள். ஒவ்வொரு சமாதானமும் வந்த வேகத்திலேயே பொய்யானது. ஆனால் கால்கள் நிற்கவில்லை. முதலிடம் என்ற சொல் காதுக்குள் போய்விட்டால் கால் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டாள்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முடிவுக்கோட்டைத் தாண்டினாள். ஈஸ்வரபாண்டி ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று முறை சொன்னார். பழனிசெட்டிபட்டியில் இருந்து வந்த கூட்டம் கைதட்டியது. வியர்வை ஊறிய அவளுடைய முதுகில் அவர் தட்டியபோது அந்தக் கை வழவழவென்று இருந்தது. அவருடைய விரல் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

ஹேமாவதி ஒரு தென்னையின் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் உசேன் நின்றார். "சுபைதா எங்கம்மா? ஒன்னைத் தாண்டி முன்னால போனான்னு சொன்னாக. இன்னும் வரலையே" என்றார். அவருக்குப் பின்னால் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வந்துவிடுவார்கள் என்று ஹேமாவதி சொன்னாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது நாக்கு கசந்தது.

கணவரிடம் போய், யாரையாவது பைக்கில் அனுப்பித் தேடச் சொன்னாள். பாதை முழுவதும் ஆள் இருக்கிறது, வருவார்கள் என்றார் அவர். இரண்டாவது தடவை கேட்டபோது, சிறப்பு விருந்தினருக்கு நேரமாகிறது, போய் முகத்தைக் கழுவிப் பவுடர் போடு என்றார். ஓட்டத்தின் தலைவர் சுந்தரலிங்கம், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், எல்லோரும் வந்து சேரட்டும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஈஸ்வரபாண்டி கேட்கவில்லை. பத்து மணிக்கு மேடை ஏற்றிவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் போர்த்திய பொன்னாடையில், அதை ஏற்கனவே வேறு யாருக்கோ போர்த்தியதுபோல், அத்தர் வாடை அடித்தது. கோப்பையைக் கொடுத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஹேமாவதியும் சிரித்தாள். கீழே கூட்டத்தில் உசேன் அவளுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கொண்டே கழுத்தைத் திருப்பிப் பாதையைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

தன்னுடைய சிரிப்பு தன் முகத்தில் இருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. படம் எடுத்து முடிக்கும்வரை அதை எடுக்க முடியவில்லை.

சுபைதா பத்தே முக்காலுக்கு வந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. தலைத்துணியில் முள்ளும் சருகும் ஒட்டியிருந்தன. வலது முழங்காலில் துணி கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. இடது காலை ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்து நடந்து வந்தாள். யாரோ பைக்கில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள், ஏறவில்லை. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முடிவுக்கோட்டின் கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். கோடு இருந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தாண்டினாள்.

உசேனின் அண்ணன் எழுந்தார். தம்பியிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "போதும்." பிறகு வேனில் போய் ஏறிக்கொண்டார். நாத்தனார்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

சுபைதா அதைப் பார்த்தாள். முதலுதவிக் கொட்டகைக்கு உசேன் அவளைத் தாங்கிக் கூட்டிப் போனார்.

ஹேமாவதி அவர்கள் பின்னால் ஓடினாள். ஆனால் தோப்பின் வாசலில் நின்றுவிட்டாள். அங்கே கடை ஆட்கள் இருவர் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளுடைய படம் ஆளுயரத்துக்கு இருந்தது. வருசநாட்டு மலைப்பாதை ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்ற எங்கள் ஹேமாவதிக்கு வாழ்த்துகள். கீழே இன்றைய தேதி. அதற்குக் கீழே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

எப்போது அடித்தது என்று கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள். ஈஸ்வரபாண்டி அண்ணன் முந்தாநாளே வாங்கி வைத்துவிட்டார் என்றார் அவர் மேலே இருந்தபடி.

முந்தாநாள்.

மகிமாவைத் தேடினாள். சமையல் கொட்டகையின் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கிய இடத்தில் அவள் தனியாக நின்றிருந்தாள். ஹேமாவதி நேராகக் கேட்டாள்: தடுப்பணை முக்கில் என்ன நடந்தது?

மகிமா முதலில் தெரியாது என்றாள். பிறகு அழுதாள். அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முன்னால் போன ஆண்கள் எல்லாரும் தாண்டிய பிறகு அப்பா பைக்கில் வந்தார். வலது பக்க அம்பைக் காலால் அழித்தார். மரத்தில் கட்டிய சிவப்பு ரிப்பனை அவிழ்த்து இடது பக்க மரத்தில் கட்டினார். தோப்புக்குள் மறைந்து நின்று, சுபைதா பெரியம்மா போன பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தார்.

"அப்பாதான்மா செஞ்சாக. நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல."

"நீ அங்கனதான நின்ன?"

"நின்னேன். பேசாம நின்னேன்."

ஹேமாவதி மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண். அப்பா எதிரில் நிற்கும்போது என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கணவரைத் தேடிப் போனாள்.

ஈஸ்வரபாண்டி இலையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். பேச வேண்டும் என்று அவள் சொன்ன விதத்தைப் பார்த்து அவர்கள் எழுந்து போனார்கள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னாள். அவர் மறுக்கவில்லை. எலும்பைக் கடித்து மென்று, சக்கையை இலையில் துப்பினார்.

"இப்ப என்ன செத்தா போயிட்டாக? எட்டு கிலோமீட்டரு கூட ஓடியிருக்காக. அதுக்குத்தான வந்தாக."

"மேல காட்டெருமை நடமாடுற எடம். தண்ணியில்ல. வெயிலு. விழுந்து கெடந்தாகன்னா?"

"ஏய், ஒனக்காகத்தான்டி செஞ்சேன். சுத்தி நிக்கிறது பூராம் நம்ம ஆளுக. நம்ம கடை பனியனப் போட்டு எம்பொண்டாட்டி ரெண்டாவதா வர, அவுக வந்து கோப்பைய வாங்கிட்டுப் போனா எவன் கை தட்டுவான்?"

அவுக என்று அவர் சொன்னபோது உதடு ஒரு பக்கமாகக் கோணியது. இருபத்தொரு வருடமாக அந்த முகத்தோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். ரம்ஜானுக்கு சுபைதா கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியை இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்த வாய் அது. இப்போது எண்ணெய் வழிய, சோற்றுப் பருக்கை ஒட்டிய மீசையோடு அவளைப் பார்த்து, புரிந்துகொள்ள மாட்டாயா என்பதுபோல் புன்னகை செய்தது. நியாயம் கேட்க வந்தவளுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கோபம் வரவில்லை. அழுகின பழத்தில் தெரியாமல் கையை வைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நான் சுந்தரலிங்கம் சாருகிட்ட சொல்லப்போறேன்" என்றாள். "கோப்பையக் குடுத்துருவேன். நீங்க செஞ்சதையும் சொல்லுவேன்."

அவர் முதல்முறையாகச் சாப்பாட்டை நிறுத்தினார். நிதானமாக அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்லு. ஆனா நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்கன இருந்தது நான் மட்டும் இல்ல."

மகிமாவைக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்று ஹேமாவதி நினைத்தாள். பெற்ற பெண்ணையே முன்னால் பிடித்துக்கொண்டு ஒளிகிற மனிதன். திரும்பினாள். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுந்தரலிங்கத்திடம் போவதற்கு முன்னால் சுபைதாவிடம் சொல்லியாக வேண்டும். அது தன் வாயால்தான் சொல்லவேண்டும்.

முதலுதவிக் கொட்டகையில் சுபைதா ஒரு கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் மாங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. உசேன் பனிக்கட்டி வாங்கப் போயிருந்தார். வேனில் இருந்தவர்கள் ஹாரன் அடித்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஹேமாவதி கோப்பையைக் கட்டிலின் மேல் வைத்தாள். இது உங்களுடையது என்றாள். அம்புக்குறி மாற்றப்பட்டது, மாற்றியது என் வீட்டுக்காரர், நான் முக்கில் சந்தேகப்பட்டும் கேட்காமல் ஓடினேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள்.

சுபைதா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வியப்பே இல்லை. கோப்பையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

"ஹேமா, அம்பு ஒண்ணும் என்னை ஏமாத்தல" என்றாள். "நான் அந்தப் பாதையில போன மாசமே ரெண்டு தடவை ஓடிப் பாத்துருக்கேன். வலது பக்கம்னு எனக்குத் தெரியும். அம்பு மாறியிருந்துச்சு. நான் நின்னுட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா எடது பக்கம் போனீக?"

சுபைதா வேன் நின்ற பக்கம் பார்த்தாள். வேனின் ஹாரன் மறுபடி அடித்தது.

"நீ கேக்காம இருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு பொம்பளப் புள்ள பேரு கெட்டுப்போயிரும்னுதான் சுந்தரலிங்கம் சாரு வந்து கேட்டப்பக்கூட வழி தவறிட்டேன்னு சொன்னேன். அங்கன வேற யாரும் இல்ல. மகிமா மட்டுந்தான். என்னாத்தா, வலது பக்கந்தானன்னு கேட்டேன். அவ எங்கிட்ட வந்து, எங்கையப் புடிச்சு, பெரியம்மா, பாதைய மாத்திட்டாக, வலது பக்கம் மரம் விழுந்து கெடக்கு, எடது பக்கந்தான்னு சொன்னா. கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தா. நல்லா ஓடுங்க பெரியம்மான்னு சொல்லி அனுப்பிச்சா."

மகிமாவா சொன்னாள் என்று ஹேமாவதி திருப்பிக் கேட்டாள்.

சுபைதா அவளுடைய மணிக்கட்டைத் தொட்டாள். அப்ரினிடம்கூடச் சொல்லப்போவதில்லை என்றாள். இதை இத்தோடு விட்டுவிடும்படி கேட்டாள். "எனக்கு ஓட்டம் போச்சு. அது போனது போகட்டும். ஒம்மகளக் கூட்டத்துல நிக்க வச்சு நான் என்னத்தப் பாக்கப்போறேன்?"

உசேன் பனிக்கட்டியோடு வந்தார். ஹேமாவதியைப் பார்த்து, நல்லா ஓடின தாயி என்று மனதார வாழ்த்தினார். இருவரும் சேர்ந்து சுபைதாவைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வேனுக்குள் யாரும் ஹேமாவதியோடு பேசவில்லை. கோப்பை கட்டிலின் அடியிலேயே கிடந்தது. குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

அழுகைக்கு நடுவே மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் நினைத்துப் பார்த்தாள். பேசாம நின்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டபோது மகிமா இன்னும் கொஞ்சம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டாள். பொய் சொல்லிக்கொண்டே ஒட்டிக்கொண்டாள். கணவரிடம் வந்த அருவருப்பை ஹேமாவதியால் தாங்க முடிந்தது. அவர் வெளியே இருந்து வந்தவர். இது அவள் பெற்றது. அப்பாவின் பேச்சுக்குப் பயந்து செய்தாளா, அம்மா ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தாளா, இல்லை அப்ரினோடு ஏதாவது இருந்ததா? எதுவாக இருந்தாலும் அவள் சுபைதாவின் கையைப் பிடித்திருக்கிறாள். பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

காரின் பக்கத்தில் இருவரும் காத்திருந்தார்கள். ஈஸ்வரபாண்டி பல் குத்திக்கொண்டிருந்தார். மகிமா முகம் கழுவித் தலை சீவியிருந்தாள். கையில் அம்மாவுக்காக ஒரு பொட்டலம் பிரியாணி வைத்திருந்தாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.

ஹேமாவதி பொட்டலத்தை வாங்கவில்லை. தோப்பின் நடுவில் சுந்தரலிங்கம் மேடையின் துணிகளைத் தானே மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மகிமா, வா எங்கூட" என்றாள். "சுந்தரலிங்கம் சாரு கெளம்புறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போயி அவருகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

என்ன விஷயம் என்று ஈஸ்வரபாண்டிதான் கேட்டார்.

மகிமா கேட்கவில்லை.